கொசஸ்தலைக் கரையின் ஷேல்: நிலம் போட்டதா, கடல் போட்டதா?



பாறையைப் பற்றிப் பேச வந்தவன் பாறையே கண்ணில் படாத ஊரில் நிற்கிறேன். வள்ளூரில் எங்கே போர் போட்டாலும் மணல், களி, மறுபடி மணல். ஆனால் இந்த ஊர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூரில் கடலில் விழுகிறதே கொசஸ்தலை ஆறு, அதன் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் கதை மாறும். பூண்டி நீர்த்தேக்கத்தைச் சுற்றி, ஊத்துக்கோட்டைப் பக்கம், அங்கிருந்து சத்தியவேடு வரை, மண்ணுக்கு அடியில் அடுக்கடுக்கான பாறை இருக்கிறது. அதில் ஒரு வகை வெளுத்த சாம்பல் நிறக் களிப்பாறை. நகத்தால் நெம்பினால் தகடு தகடாக உரிந்து வரும். புவியியலில் அதை ஷேல் என்போம். கிணறு வெட்டிப் போட்ட குவியலில் பலரும் பார்த்திருப்பீர்கள். தெற்கே ஸ்ரீபெரும்புதூர் வரை இது பரவியிருப்பதால் ஸ்ரீபெரும்புதூர் படிவு என்று பெயர்.

இந்தக் களியைப் படிய வைத்தது ஆறா, ஏரியா, கடலா? எப்போது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் விடையை நெருங்க வைத்தவை கண்ணுக்குத் தெரியாத உயிர்த் துணுக்குகள். அந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன் விரித்து வைக்கப் போகிறேன்.

முதலில் இந்த வட்டாரத்தை அளந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்றுதான் நம் பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அவருடைய சம்பள வேலை பாறை வரைபடம் போடுவது. பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியல் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1873இல் வெளிவந்தது. அந்த ஷேலில் அழகான இலைப் பதிவுகள் இருந்தன. சீப்புப் பல் போலச் சிற்றிலைகள் வரிசைகட்டிய டிலோஃபில்லம் என்ற தாவரம், பெரணி வகைகள், ஊசியிலை மரங்களின் கிளைகள். கல்கத்தாவில் இருந்த ஓட்டோகர் ஃபெய்ஸ்ட்மான்டெல் 1879இல் இவற்றை விவரித்தார். பீகார்ப் பக்கத்து ராஜ்மகால் மலைத் தாவரங்களோடு இவை ஒத்துப்போயின. ராஜ்மகாலை அப்போது ஜுராசிக் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆகவே ஸ்ரீபெரும்புதூரும் ஜுராசிக். இலை என்றால் நிலம். ஆகவே இது ஆறும் ஏரியும் போட்ட படிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இடித்தது ஒன்றுதான். அதே ஷேலில், நசுங்கியும் சிதைந்தும், கடல்வாழ் சிப்பிகளும் அம்மோனைட் துண்டுகளும் கிடைத்தன. அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான கடல் விலங்கு. நல்ல தண்ணீரில் அது வாழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. கிழக்குக் கடற்கரையின் இத்தகைய அம்மோனைட்டுகளைப் பார்த்த ஸ்பாத் என்ற ஆங்கிலேய நிபுணர், இவை ஜுராசிக் அல்ல, அதற்கடுத்த கிரெட்டேசியஸின் தொடக்கம் என்றார். தாவரக் கட்சி ஒன்று, விலங்குக் கட்சி ஒன்று என்று புவியியலாளர்கள் பிரிந்து நின்றார்கள். இரண்டு கட்சியும் கையில் வைத்திருந்த சான்று குறைவு. இலை எப்போதாவது ஒன்று கிடைக்கும். அம்மோனைட் அதைவிட அரிது.

இங்கேதான் நுண்ணோக்கி வழக்குக்குள் வருகிறது. ஒரு இலைப் பதிவுக்காகப் பத்து வண்டிப் பாறையை உடைக்க வேண்டியிருக்கலாம். நுண்ணுயிர் எச்சம் அப்படியல்ல. உள்ளங்கை அளவு ஷேலில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆழ்துளையிலிருந்து வரும் விரல் நகம் அளவுத் துண்டே போதும். எண்ணிக்கை கிடைத்தால் விகிதம் பார்க்கலாம். விகிதம் பார்க்க முடிந்தால்தான் ‘ஏதோ ஒன்று அடித்து வந்து விழுந்தது’, ‘இதுதான் இங்கே வாழ்ந்தது’ என்ற இரண்டையும் பிரிக்க முடியும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்: கிடைத்த பொருள் சான்று ஆகாது. எவை எவை, என்ன விகிதத்தில், எந்த நிலையில் சேர்ந்து கிடைக்கின்றன என்பதே சான்று.

என்னென்ன துணுக்குகள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதலாவது ஃபோராமினிஃபெரா. ஒரே ஒரு செல் உயிர். ஆனால் தனக்கென்று அறை அறையாக ஒரு கூடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. சில இனங்கள் சுண்ணாம்பைச் சுரந்து கூடு கட்டும். சில இனங்கள் சுற்றிலும் கிடக்கும் மணல்துகளைப் பொறுக்கி ஒட்டவைத்துக் கட்டும். கொஞ்சம்கூட உப்பில்லாத தண்ணீரில் இவற்றைக் காண்பதே அரிது. கூட்டோடு பாறையில் கிடைத்தால் உப்புநீர் எட்டிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது மகரந்தத் தூளும் பெரணி, பாசிகளின் ஸ்போர்களும். இவை காட்டின் விலாசம். இவற்றின் மேலுறை இயற்கை உருவாக்கிய மிக உறுதியான பொருள்களில் ஒன்று; காற்றுப் படாத சேற்றில் புதைந்தால் கோடிக்கணக்கான ஆண்டு கெடாது. மூன்றாவது, பலரும் ஒதுக்கிவிடும் குப்பை: மரத்தூள், இலைத்தோல், கரித்துண்டு, உருவமே இல்லாத மக்கு. என் கணிப்பில் இந்தக் குப்பைதான் அதிகம் பேசுகிறது. ஆற்று வாய்க்குப் பக்கத்தில் படிந்த சேற்றில் மரத்துண்டுகள் பெரிதாக, முனை மழுங்காமல் இருக்கும். கடலுக்குள் போகப் போகச் சிறுத்து, உருண்டு, கறுத்துவிடும். ஆகவே ஒரு பாறைத் துண்டில் நூறு மரத்துணுக்கை அளந்தாலே கரை எவ்வளவு பக்கம் என்று ஊகிக்கலாம்.

எடுக்கும் முறையிலும் இரண்டு ரகம். ஃபோராமினிஃபெரா வேண்டுமென்றால் ஷேலை வேர்க்கடலை அளவுக்கு உடைத்து, சலவை சோடா கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, குழைந்த பிறகு 0.063 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் குழாய்த் தண்ணீர் விட்டு அலசுவோம். சேறு ஓடிவிடும், மேலே நிற்கும் மிச்சத்தை உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, இருகண் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை முனையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் பதின்மூன்று கோடி ஆண்டு பறந்துவிடும். மகரந்தத்துக்கு நேர் எதிர் வழி: பாறையையே அமிலத்தில் கரைத்துவிட்டு, கரையாமல் மிஞ்சுவதை எடுப்பது. சுண்ணாம்பைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், களியையும் மணலையும் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். பின்னது கண்ணாடியையே தின்னும். பிளாஸ்டிக் பாத்திரத்தில், புகைபோக்கிக் கூண்டுக்குள், கையுறை முகக்கவசத்தோடு மட்டுமே தொடலாம். மாணவர்கள் ஆர்வக்கோளாறில் வீட்டில் முயலக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது வழக்குக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மூர்த்தியும் சாஸ்திரியும் ஸ்ரீபெரும்புதூர் படிவிலிருந்து ஃபோராமினிஃபெராக்களை எடுத்து அறிவித்தார்கள். உப்புநீர் வந்தது உறுதியாயிற்று. பிறகு மகரந்த ஆய்வாளர்கள் இதே படிவு கிடக்கும் பாலாற்றுப் படுகையின் ஷேல்களைக் கரைத்துப் பார்த்தார்கள். ஹைதராபாத்தின் இராமானுஜமும் அவரோடு சேர்ந்து வர்மாவும் செய்த வேலை இதில் முக்கியமானது. கிடைத்தவை அராகாரியா, பொடோகார்ப் குடும்பத்து ஊசியிலை மரங்களின் மகரந்தமும் பெரணி ஸ்போர்களும். பூக்கும் தாவரங்கள் உலகை ஆளத் தொடங்குவதற்கு முந்தைய காடு. சேர்க்கையை மற்ற இடங்களோடு ஒப்பிட்டபோது கிரெட்டேசியஸின் தொடக்கப் பகுதி என்ற முடிவு வலுத்தது. ஃபெய்ஸ்ட்மான்டெல் அளவுகோலாக வைத்த ராஜ்மகாலும் இடம் மாறிவிட்டது. அங்குள்ள எரிமலைப் பாறையைக் கதிரியக்க முறையில் அளந்தபோது சுமார் 11 கோடியே 70 லட்சம் ஆண்டு என்று வந்தது. அதுவும் கிரெட்டேசியஸ்தான். தாவரக் கட்சி தப்பாக ஒப்பிடவில்லை. ஒப்பிட்ட பொருளின் வயதுதான் தப்பு. இரு கட்சியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

சரி, ஆறா கடலா? இரண்டும்தான். இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிய்ந்து விலகத் தொடங்கிய காலம் அது. நம் கிழக்குக் கரை முழுக்க நீளநீளமான பள்ளங்கள் இறங்கின. கோதாவரி, பாலாறு, காவிரிப் படுகைகள் எல்லாம் அந்தப் பள்ளங்களின் வாரிசுகள். பள்ளத்துக்குள் ஒருபக்கம் ஆறு சேற்றையும் இலையையும் கொண்டுவந்து கொட்டியது. மறுபக்கம் ஆழமற்ற கடல் நாக்கை நீட்டியது. இலை கிழியாமல் வந்ததால் காடு தொலைவில் இல்லை. கூடு கட்டும் உயிர் இருப்பதால் உப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே தகட்டில் கிடைப்பதால் கரையோரம். இதற்கு மேலே கிடக்கும் சத்தியவேடு படிவில் காட்சி தலைகீழ். உருண்டைக் கற்கள் அடுக்கிய செந்நிறக் கூட்டுப்பாறை. குடியம் குகைகளுக்குப் போனவர்கள் தலைக்கு மேலே பார்த்திருப்பீர்கள். வேகமான தண்ணீர் போட்டது அது. மகரந்தம் வண்டல்துகள் அளவுதான். இப்படிப்பட்ட ஓட்டத்தில் தங்காது, தங்கினாலும் காற்றுப் பட்டுத் துருவேறும் மணலில் பிழைக்காது. அங்கே கல்லைத்தான் படிக்க வேண்டும், உயிரை அல்ல.

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஷேலில் கிடைக்கும் ஃபோராமினிஃபெராக்களில் மணல்துகள் ஒட்டிக் கூடு கட்டும் இனங்களே மேலோங்கியவை. அதை எப்படிப் படிப்பது? உப்பு குறைந்த காயல் என்று படிக்கலாம். இன்றும் அலையாத்திச் சேற்றில் அந்த வகைதான் மிகுதி. இன்னொரு விதமாகவும் படிக்கலாம். சுண்ணாம்புக் கூடுகளும் அங்கே இருந்தன, ஆனால் மக்கிய இலைச் சேற்றின் அமிலம் அவற்றைப் பிறகு கரைத்துவிட்டது என்று. முதல் வாசிப்பில் கடல் ஓரமாக எட்டிப் பார்த்தது. இரண்டாவதில் கடல் நன்றாகவே உள்ளே வந்திருக்கலாம். கரைந்துபோன கூட்டின் அச்சு ஷேலில் மிஞ்சியிருக்கிறதா, மரத்துணுக்கு பெரிதா சிறிதா என்று மற்ற சாட்சிகளை விசாரித்துத்தான் தீர்மானிக்க முடியும். இல்லாததை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் எங்கள் தொழிலில் மிகச் சுலபமான பிழை.

இருப்பதை வைத்துச் செய்யும் பிழையும் உண்டு. அதற்குச் சாட்சி சின்ன ஆள் இல்லை, பீர்பல் சாஹ்னி. இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை. 1940களில் பஞ்சாப் உப்பு மலைத்தொடரின் உப்புப் படிவுகளை அவர் கரைத்துப் பார்த்தார். இப்போது பாகிஸ்தானில் கேவ்ரா சுரங்கம் இருக்கும் இடம் அது. உப்புக்குள் மரத்துணுக்குகள், தாவரத் தோல்கள், பூச்சித் துண்டுகள். மரம் என்றால் பாறை இளையது. ஆகவே இந்த உப்பு இயோசீன், அதாவது சுமார் ஐந்து கோடி ஆண்டு என்று வாதிட்டார். களத்தில் வேலை செய்த புவியியலாளர்கள் ஒப்பவில்லை. உப்புக்கு மேலே கிடப்பது கேம்பிரியன் பாறை என்றார்கள். கருத்தரங்கு நடந்தது, கட்டுரைகள் பறந்தன. இன்று அந்த உப்பு 50 கோடி ஆண்டுக்கும் முந்தையது என்பதே ஏற்கப்பட்ட முடிவு. அப்போது உலகில் மரமே கிடையாது. சாஹ்னி அசட்டையாக வேலை செய்தவர் அல்ல. கலப்படம் வராமல் இருக்க எடுத்த முன்னெச்சரிக்கைகளை விரிவாக எழுதியே வைத்தார். ஆனால் உப்பு கரையும், மறுபடி உறையும். ஊடுருவும் நீர் பிற்காலத் துணுக்கை உள்ளே இழுத்துச் செல்லும். அவர் கண்டது உண்மை. அது பாறையோடு பிறந்தது அல்ல என்பதுதான் விஷயம். லக்னோவில் 1946இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இந்தத் துறையின் தலைவாசல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் வட்டாரத்திலும் இப்படி ஒரு குழப்பம் நடந்தது, வேறு ரகம். பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம். 1863 செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கைக்கோடரிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே ஓடை வெட்டில் தகடாக உரியும் ஒரு களி அடுக்கு தெரியும். நீண்ட காலம் அது ஸ்ரீபெரும்புதூர் படிவைச் சேர்ந்த ஆவடி ஷேல் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. டைனோசர் காலத்து அடித்தளப் பாறை, கருவிகள் அதன் முதுகில்தான் கிடக்கின்றன என்று. 1999இல் தொடங்கிய அகழாய்வில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அந்தக் களிக்குள்ளேயே இறங்கினார்கள். உள்ளே, பல மட்டங்களில், கைக்கோடரிகள். கிரெட்டேசியஸில் கோடரி செய்ய ஆள் ஏது? அது வெள்ளச் சமவெளியில் மெல்ல மெல்லப் படிந்த பிற்காலக் களி. அதில் கிடந்த கருவிகளின் வயது குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஷேல்தான். வித்தியாசம் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல். அங்கே தீர்ப்புச் சொன்னது மகரந்தம் அல்ல, மனிதன் செதுக்கிய கல். ஆனாலும் பாடம் எங்களுக்கும் பொருந்தும்: அடுக்கின் தோற்றத்தை நம்பாதே, உள்ளடக்கத்தைக் கேள்.

உள்ளடக்கத்தைப் படிக்கக் கற்கும் பள்ளிக்கூடம் எது? நீங்கள் குடியிருக்கும் இடம்தான். எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் இன்று உயிரோடு இருக்கும் ஃபோராமினிஃபெராவை வைத்துத்தான் பழைய பாறையை அளக்க முடியும். காயலில் இனங்கள் சில, ஆட்கள் மிகுதி. அமோனியா என்ற சுருள் கூட்டினம் ஒன்றே கூட்டத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரத்தைத் தாண்டினால் இனங்கள் பெருகும். ஆழ்கடல் நோக்கிப் போகப் போக மிதந்து வாழும் இனங்களின் பங்கு ஏறும். இந்த மேசையில் இரண்டு கண்ணாடித் தகடுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் முகத்துவாரச் சேற்றிலிருந்து எடுத்தவை. பால்வெள்ளை நிறத்தில், வெளிச்சம் பட்டால் உள் அறைச் சுவர்கள் தெரியும். சிலவற்றின் உள்ளே கறுப்பாகப் பொடிப்பொடியாகத் தெரிவது இரும்புக் கந்தகம், மூச்சுமுட்டும் சேற்றின் அடையாளம். மற்றொன்று ஷேலில் கிடைத்த மகரந்தம், தேன் நிறம். அந்த நிறமும் ஒரு தகவல். புதைந்து சூடேற ஏற மகரந்தம் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கடைசியில் கறுக்கும். எண்ணெய் உருவாகும் வெப்பத்தை அது எட்டியதா என்பதை எண்ணெய் தேடும் நிறுவனங்கள் இப்படித்தான் முதலில் பார்க்கின்றன. காவிரிப் படுகையில் துளையிடும்போதும் ஆழத்தை அடியால் அளப்பதோடு நிறுத்த மாட்டார்கள். எந்த ஃபோராமினிஃபெரா வந்தது என்று கேட்டுத்தான் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று முடிவு செய்வார்கள்.

எண்ணெய் இல்லாத வள்ளூருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். தண்ணீர். ஆரணி ஆறும் கொசஸ்தலையும் போட்ட வண்டலில்தான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் அமைந்தன. சென்னை பல ஆண்டு இங்கிருந்து குடித்தது. உறிஞ்சிய வேகத்தில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. அதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். மேல் மணலுக்கும் கீழ் மணலுக்கும் நடுவே இருக்கும் களி எங்கே தொடர்ச்சி, எங்கே ஓட்டை என்பதைப் பொறுத்துத்தான் உப்பு எந்த வழியாக வரும் என்பது இருக்கிறது. ஆற்று வெள்ளம் விட்டுப்போன களி திட்டுத்திட்டாக இருக்கும். கடல் ஏறி வந்தபோது காயலில் படிந்த களி விரிந்து பரவியிருக்கும். சுமார் 20,000 ஆண்டு முன்பு கடல் மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு ஏறி, ஆறேழு ஆயிரம் ஆண்டு முன்பு இன்றைய மட்டத்துக்குப் பக்கமாக வந்தது. பழவேற்காடு அந்த ஏற்றத்தின் குழந்தை. ஆற்றுக் களியா காயல் களியா என்பதைப் பிரிக்க அமோனியா கூடு பத்தும், கண்டல் மகரந்தம் கொஞ்சமும் போதும். குழாய் இறக்கும் ஒப்பந்தக்காரர் ‘கறுப்புக் களி’ என்று ஒரே பெயரில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

இன்று கொசஸ்தலையின் கழிமுகத்தில் படிந்துகொண்டிருக்கும் அடுக்கையும் ஒரு நாள் யாரோ படிப்பார்கள். அதில் அமோனியாவும் இருக்கும், வெண்கண்டல் மகரந்தமும் இருக்கும். கூடவே சின்னச் சின்னக் கண்ணாடி உருண்டைகள். நிலக்கரி எரிந்த சாம்பல் உருகி உறைந்த கோளங்கள் அவை. இயற்கை ஆற்றுச் சேற்றில் அப்படி முழு உருண்டையாக, கோடிக்கணக்கில் எதுவும் வராது. எண்ணூரில் அனல்மின் உற்பத்தி 1970 வாக்கில் தொடங்கியது. வடசென்னை நிலையம் 1990களில், வள்ளூரின் 1500 மெகாவாட் நிலையம் 2012 முதல். ஆகவே சேற்றில் முதல் சாம்பல் கோளம் எங்கே தோன்றுகிறதோ, அந்த மட்டத்துக்கு ஏறத்தாழ ஆண்டு குறித்துவிடலாம். அதற்குக் கீழே எத்தனை இனம், மேலே எத்தனை இனம் என்று எண்ணினால், கழிமுகத்துக்கு என்ன ஆயிற்று என்பதற்கு மனு, எதிர்மனு எதுவும் தேவைப்படாது. உலகின் பல மாசுபட்ட கழிமுகங்களில் கூடு கோணி வளர்ந்த ஃபோராமினிஃபெராக்களை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். கோணல் எல்லாம் மாசால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. உப்பின் ஏற்ற இறக்கமும் அதைச் செய்யும். அதனால்தான் சாம்பலுக்கு முந்தைய சேற்றையும் சேர்த்து எண்ண வேண்டும் என்கிறேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலும், காட்டுப்பள்ளியிலும், மீஞ்சூரைச் சுற்றியும் ஆலைக்கு, பாலத்துக்கு, கோபுரத்துக்கு என்று ஆண்டு முழுக்க அடித்தளத் துளை போடுகிறார்கள். முப்பது மீட்டர், நாற்பது மீட்டர் வரை மண் மாதிரி மேலே வருகிறது. தாங்குதிறன் சோதனை முடிந்ததும் அது குப்பைக்குப் போகிறது. இங்கே அமர்ந்திருக்கும் சிவில் பொறியாளர்கள் அதில் கைப்பிடி அளவு எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இடத்தையும் ஆழத்தையும் அழியாத மையில் எழுதி, பக்கத்துக் கல்லூரிப் புவியியல் துறைக்குக் கொடுத்தனுப்பினால் போதும். பையை வெயிலில் வைக்க வேண்டாம். மேலிருந்து சரிந்த மண் கலந்த மாதிரி என்றால் அதையும் பையிலேயே எழுதிவிடுங்கள். கலப்படம் தெரிந்த மாதிரியும் எங்களுக்கு உதவும், தெரியாததுதான் ஆபத்து. துறைகளில் அலமாரி இருக்கிறது, சல்லடை இருக்கிறது, எண்ணுவதற்கு மாணவர்களும் இருக்கிறார்கள்.